பலித்த பெயர்

என் தம்பிக்கு மூன்றாவதும் பெண் பிறந்தது. அதைச் சொல்ல அவன் போன் செய்தபோது நான் காசிமேட்டுப் பக்கம் இறால் பேக்கிங் கம்பெனியில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். அங்கே நான் சூப்பர்வைசர். தாயும் பிள்ளையும் நலம் என்று சொல்லி முடித்தவன், எனக்குப் பட்டுப்புடவை எடுத்து வைத்திருப்பவனைப் போலக் குரலைக் குழைத்தான்.

"யக்கா, பாப்பாவுக்கு உன் பேரத்தான் வெக்கப் போறோம். நீதான் வந்து காதுல சொல்லணும்."

கையுறையைக் கழற்றி மேஜையில் அடித்தேன். வரிசையில் நின்று இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் என் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்துவிட்டார்கள். கிட்டத்தட்ட அப்படித்தான்.

என் பெயர் போதும்பொண்ணு. செல்லப்பெயர் இல்லை, பட்டப்பெயர் இல்லை. ஆதார் கார்டிலும் அதுதான், வாக்காளர் பட்டியலிலும் அதுதான். எனக்கு மேலே இரண்டு அக்காக்கள். மூன்றாவதாக நானும் பெண்ணாக வந்து நின்றதும் நைனா, அதாவது என் அப்பா வீட்டில் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். எங்களில் குழந்தைக்குப் பெயர் வைப்பது அப்பாவின் அக்கா தங்கைகளின் உரிமை. அத்தை குழந்தையை மடியில் போட்டு, சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்து, வெற்றிலையால் ஒரு காதை மூடி, மறு காதில் மூன்று தடவை பெயரைச் சொல்வாள். அத்தை சொன்னால் சொன்னதுதான், பிறகு யாரும் மாற்றமாட்டார்கள். என் அத்தை என் காதில் மூன்று தடவை சொன்னது, பெண் பிறந்தது போதும் என்று. உலகத்துக்கு வந்து கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காத ஒரு பிள்ளையிடம் முதன்முதலாகச் சொல்லுகிற வார்த்தையா அது?

அது கடவுளுக்குப் போடும் மனு. அடுத்ததையாவது பையனாகக் கொடு என்று கேட்கிற மனு. மனுவை எழுதுவதற்கு ஒரு காகிதம் வேண்டுமே, அதற்கு நான். எங்கள் சொந்தத்திலேயே திருத்தணிப் பக்கம் ஒருத்திக்கு 'வேண்டாம்' என்று பெயர். அவளோடு ஒப்பிட்டு, எனக்குக் கொஞ்சம் மரியாதையான பெயர்தான் வைத்திருக்கிறார்கள் என்று என்னைச் சமாதானப்படுத்திய பெரியவர்களும் உண்டு.

எனக்குப் பின்னால் தம்பி பிறந்தான். அதோடு என் தலையெழுத்து இன்னும் மோசமானது. பெயர் பலித்துவிட்டது என்று திருவொற்றியூரில் எங்கள் தெரு முழுக்கப் பேச்சு. எந்த வீட்டில் வளைகாப்பு என்றாலும் என்னைக் கூட்டிப்போய் முதல் வளையலைப் போடச் சொல்வார்கள். "கைராசிப் பொண்ணுமே, இப்டிக்கா வா" என்று இழுத்து உட்காரவைப்பார்கள். ஏழு வகைச் சாதத்துக்கு ஆசைப்பட்டு நானும் போவேன். பையன் பிறந்தால் எனக்கு ரவிக்கைத்துணி வரும். பெண் பிறந்தால் அந்த வீட்டம்மா தண்ணீர்க் குழாயடியில் என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வாள். ஒருத்தி என் காதுபடவே சொன்னாள், "இதுக்குப் பேரோட வேகம் பூட்சிமே" என்று. நான் அப்போது பாவாடை சட்டை போட்டுக்கொண்டு பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் வகுப்பே சிரிக்கும். அது போகட்டும், பிள்ளைகள். ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் கவுன்டர் பெண் ஜன்னல் வழியாக என் பெயரைக் கத்திவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொள்கிறாளே, அவளுக்கு என்ன வயது, என்ன படிப்பு? பேங்கிலிருந்து போன் செய்த ஒரு பையன், "மேடம், இது உங்க ஒரிஜினல் பேரா?" என்றான். இல்லப்பா, ஜெராக்ஸ் என்றேன்.

பெயரை மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். ஏன் நான் மாற்ற வேண்டும்? தப்புச் செய்தவர்கள் நிம்மதியாகப் படுத்துத் தூங்க, நான் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டுமா? அந்தக் கோபத்திலேயே அதை இத்தனை வருஷம் சுமந்துவிட்டேன்.

தம்பி போன் செய்த அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட பெங்கால்காரப் பெண் என்னவென்று கேட்டாள். எங்களோடு வெகுநாளாக வேலை செய்கிறவள், தமிழை உடைத்து உடைத்துப் பேசுவாள், அக்காவை மட்டும் தீதி என்பாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்தபடியே, "தீதி, உன் பேரும் என் பேரும் ஒண்ணு" என்றாள்.

அவள் பெயர் ஆன்னாகாளி. காளி பெயர் என்பதால் நான் சாமி பெயர் என்றே நினைத்திருந்தேன். 'இனிமேல் வேண்டாம் காளி' என்பதுதான் அதற்கு அர்த்தமாம். பெண்ணைக் கொடுத்தது போதும் தாயே என்று ஒரு பெண் தெய்வத்திடமே போய்க் கேட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்கு ஆறுதலா வரும்? எரிச்சல்தான் இரண்டு மடங்காயிற்று. எங்கேயோ இருக்கிற ஊரில், வேறு பாஷையில், வேறு மீனைத் தின்கிறவர்களுக்கு எப்படி இதே புத்தி வந்தது?

அன்றிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகும்போதெல்லாம் போனில் இதையே தேட ஆரம்பித்தேன். மகாராஷ்டிரத்தில் நகோஷி என்று வைக்கிறார்கள், வேண்டாதவள் என்று அர்த்தம். ராஜஸ்தானில் தாபு, திகட்டிவிட்டது என்று அர்த்தம். கப்பலில் சமையல் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரிடம் சொன்னால், சீனாவில் அவருக்குத் தெரிந்த ஒரு கடைக்காரப் பெண்ணின் பெயருக்கு 'தம்பியைக் கூப்பிடு' என்று அர்த்தம் என்கிறார். பழைய ரோமாபுரியில் பெண்ணுக்குக் குடும்பப் பெயரையே வைத்துவிடுவார்களாம். ஒன்றுக்கு மேல் பிறந்தால் அடையாளத்துக்கு 'இரண்டாமவள்', 'மூன்றாமவள்'. பேருந்துக்குக்கூட நம்பரோடு ஊர் பெயரும் எழுதுகிறார்கள்.

ராயபுரம் மாதா கோயில் பக்கத்தில் என்னோடு படித்தவர்களின் பெயர்களையும் தேடிப்பார்த்தேன். வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு அழகழகான பெயர்களோடு வருவார்களே என்று சின்ன வயதில் பொறாமைப்பட்டிருக்கிறேன். செசிலியாவின் வேர்ச்சொல்லுக்குப் பார்வையில்லாதது என்று அர்த்தமாம். லேயாள் என்றால் களைத்துப்போனவள். வியாகுலமேரிக்கு அகராதியே வேண்டாம், துக்கத்தைத் தூக்கித் தலையிலேயே வைத்துவிட்டார்கள். நல்ல பெயர்கள் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்த இடத்திலும் பார்த்தேன். பெண்ணுக்கு: மென்மையானவள், பொறுமையானவள், இனிமையாகப் பேசுபவள், கணவனுக்குப் பிரியமானவள். பிறந்து பத்து நாள் ஆகாத குழந்தைக்குக் கணவனாம்! பக்கத்திலேயே ஆண் பெயர்கள். அங்கே எல்லோரும் வெற்றி வீரர்கள், உலகத்தை ஆள்பவர்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் தம்பியின் பெயரும் அந்த வரிசையில் இருந்தது. மாமன்னன் என்று போட்டிருந்தது.

அந்த மாமன்னன் கெட்டவன் இல்லை, அதுதான் பெரிய தொல்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்றால் ஷிப்டை மாற்றிக்கொண்டு ஓடி வருகிறவன். தன் பெண்பிள்ளைகளைத் தோளிலிருந்து இறக்காதவன். என் பெயரை வைப்பது எனக்குச் செய்யும் மரியாதை என்று மனதார நம்பினான்.

பெயர் வைக்கும் நாளுக்கு முன்பாகவே எண்ணூரில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வேலைக்குப் போயிருந்தான். என் அம்மா மொட்டை மாடியில் குழந்தைத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தம்பி பெண்டாட்டி கட்டிலில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணி, கோச்சுக்காதீங்க" என்றாள். "உங்க பேரு பாப்பாவுக்கு வேணாம்."

"நான் ஏன்மா கோச்சுக்கப் போறேன்? எனக்கே வேணாமேன்னு கீது."

"அதில்ல அண்ணி. அந்தப் பேர வெச்சாங்கன்னா நாலாவதும் கேப்பாங்க. இனிமே தாங்காது, கூடாதுன்னு டாக்டரம்மா அவருகிட்டயே சொல்லிட்டாங்க. அவரு ஒரே ஒரு தபா பாக்கலாம்னுகினு கீறாரு. பலிச்ச பேருங்கறாரு."

எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. அந்தப் பெயர் குழந்தைக்கு மட்டும் வைப்பதில்லை. அடுத்த பிரசவத்துக்குத் தாயின் தலையில் போடும் கட்டளையும் அதுதான். போதும் என்று சொல்ல உரிமை உள்ள ஒரே ஆள் அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் அம்மாவையும் அப்போது கேட்டிருக்கமாட்டார்கள்.

"யாரும் இல்லாதப்போ நீ பாப்பாவ இன்னான்னு கூப்பிடறே?" என்று கேட்டேன்.

அவள் கதவைப் பார்த்தாள். பிறகு மிகவும் மெதுவாக ஒரு பெயரைச் சொன்னாள். பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை ஒரு கணம் நிறுத்திவிட்டு மறுபடி குடித்தது.

விசேஷத்தன்று வீடு நிறைய ஆட்கள். வாசலில் கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் பாத்திரங்கள் அதிர்ந்தன. நான் நாத்தனார் முறைக்குக் கருப்பு வளையலும் அரைஞாண் கயிறும் கொண்டுபோயிருந்தேன். குழந்தையை என் மடியில் போட்டார்கள். தம்பி கையில் போனைப் பிடித்துக்கொண்டு வீடியோ எடுத்தான். சர்க்கரைத் தண்ணீர் வைத்தேன். வெற்றிலையால் காதை மூடினேன்.

காதில் சொல்லும் பெயரை ரகசியமாகத்தான் சொல்வார்கள். நான் வீடியோவில் தெளிவாகப் பதியும்படி சொன்னேன். கட்டிலில் கேட்ட பெயரை, மூன்று தடவையும். அதை இங்கே எழுதமாட்டேன். அவள் வளர்ந்து, கேட்கிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொள்ளட்டும்.

தம்பி போனை இறக்கினான்.

"இன்னாக்கா இது? எந்த ஊரு நாயம்? உன் பேரு இல்லன்னா நானே இல்லன்னு ஊரே சொல்லுது. அந்தப் பேரப் போய் வேணான்றியே?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் பொறந்துட்டேன்டா" என்றேன். "உன்ன வரவழைக்க வந்தவ இல்ல நானு. இவளும் எவனையும் வரவழைக்க வர்ல. உம் பொண்டாட்டி உசுரோட இருக்கணும்னா நீ போய் ஆஸ்பத்திரில படு. ஆம்பளைக்கும் ஆபரேஷன் கீது."

அத்தனை பேர் முன்னால் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது என்று இரண்டு அக்காக்களும் இன்றுவரை சொல்கிறார்கள். பின்னே எத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும்? என்னை அத்தனை பேர் முன்னால்தானே போதும் என்றார்கள். தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அத்தை சொன்னதை மாற்றக்கூடாது என்பது அவர்கள் வைத்த சட்டம். அதனால் ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. தம்பி பெண்டாட்டி குழந்தையை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டாள். எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பெயரைச் சொல்லியே வாங்கினாள்.

பந்தி முடிந்தபின் நான் மாடிக்குப் போனேன். அம்மா கொடியிலிருந்து குழந்தைத் துணிகளை எடுத்து, துறைமுகத்திலிருந்து பறந்து வந்து படிந்த நிலக்கரித் தூளை உதறி உதறி மடித்துக்கொண்டிருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அம்மா என்னை ஒருநாளும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பொண்ணு' என்றுதான் கூப்பிடுவாள். நீளமான பெயர், வாய்க்குச் சோம்பல் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

"உனக்கும் நான் ஒரு பேரு வெச்சிருந்தேன்" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல். "நீ வவுத்துல இருக்கசொல்லவே. அத்தக்காரி வேற சொல்லிட்டா. நான் வாயத் தொறக்கல."

"இன்னா பேரும்மா?"

அம்மா துணியை மடிப்பதை நிறுத்தினாள். கடல் பக்கம் பார்த்தாள். உதடு அசைந்தது. நான் காத்திருந்தேன்.

"மறந்து பூட்சிடி" என்றாள். "யாரும் கேக்கல. நானும் சொல்லல. அப்டியே மறந்து பூட்சி."

அத்தை செத்துவிட்டாள், நைனா செத்துவிட்டார். அங்கே நிற்பது அம்மா மட்டும்தான். யாரைப் பிடித்து உலுக்குவது? கொடியில் இன்னும் காயாமல் கிடந்த ஒரு துணியை எடுத்து முறுக்கிப் பிழிந்தேன். அது ஏற்கெனவே பிழிந்த துணி.

தம்பி ஒரு மாதம் கழித்துப் பேசினான். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்ததாகச் சொன்னான், அவ்வளவுதான் சொன்னான். குழந்தை இப்போது தன் பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது.

அம்மாவிடம் நான் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறேன், ஞாபகம் வந்ததா என்று. இன்னும் வரவில்லை. ஆனால் இப்போதெல்லாம் என்னைக் கூப்பிட வாயைத் திறந்ததும் ஒரு நொடி அப்படியே நிற்கிறாள். நானும் நிற்கிறேன். அப்புறம், "பொண்ணு" என்கிறாள்.