ஊறுகாய்க்குப் பிறகு புயல் எச்சரிக்கை

மாதத்தில் ஆறு நாள்தான் என் குரலுக்கு வேலை. நகரத்து அரசு வானொலி நிலையத்தில் நான் தற்காலிக அறிவிப்பாளர். 'கேஷுவல்' என்பார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கேஷுவலாகச் சேர்ந்தவள், பத்து வருஷம் கழித்தும் கேஷுவலாகவே இருந்தேன். திருக்கழுக்குன்றத்தில் கோயில் உத்தியோகம் பார்த்த என் அப்பா, கல்யாணத்தன்று என் காதில் சொன்ன ஒரே புத்திமதி, "வாயைக் கொஞ்சம் குறைச்சுக்கோ" என்பது. அந்த வாய்தான் எனக்கு வேலை வாங்கித் தந்தது. வேலை போனதும் அதனால்தான்.

கணவருக்குக் கோவளத்தில் பள்ளிக்கூட வேலை என்பதால் அங்கேயே வாடகைக்கு இருந்தோம். எங்கள் தெருவில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். எதிர் வீட்டு அக்கா மீன் விற்பவர். அவர் வீட்டுக்காரரும் அவருடைய தம்பியும் ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தார்கள். உப்புக் காற்று பட்டால் கெட்டுவிடும் என்று டிரான்சிஸ்டரைப் பாலிதீன் பையில் சுற்றி ஆணியில் மாட்டியிருப்பார்கள்.

தினமும் மாலை ஆறே முக்காலுக்கு மீனவர்களுக்கான வானிலை அறிக்கை வரும். காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு உயரம், நாளைக்குக் கடலுக்குப் போகலாமா கூடாதா, எல்லாம் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்தத் தெருவில் ரேடியோவைச் சரியாக ஆறே முக்காலுக்குப் போடுவார்கள். அறிக்கை முடிந்து விளம்பரப் பாட்டு தொடங்கியதும் வீட்டுக்கு வீடு 'டக்' என்று நிறுத்துவார்கள். பேட்டரி விற்கிற விலையில் விளம்பரம் கேட்க எவருக்கும் மனசு வராது. விளம்பரம் வந்தால் அறிக்கை முடிந்தது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் டியூட்டி இல்லாத நாளில் என் வீட்டு வாசலில் நின்று அந்த 'டக் டக்' சத்தத்தைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். நிலையம் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். வணிகப் பிரிவுக்கு வெளியிலிருந்து ஒருவரைத் தலைவராகக் கொண்டுவந்தார்கள். ஒப்பந்த வேலை. அவருடைய நியமன உத்தரவின் நகலைத் தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார். சம்பளத் தொகைக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. நிலைய இயக்குநரின் சம்பளமே அதற்குப் பக்கத்தில் கூச்சப்பட்டு நிற்கும். கேன்டீனில் ஒரு வாரம் வேறு பேச்சே இல்லை.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதர் சோம்பேறி இல்லை. அவர் வந்த ஆறு மாதத்தில், மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஸ்டூடியோ கூரை சரியானது. ஏசி ஓடியது. விளம்பரக் காசில்தான் ஓடியது. அந்தக் குளிர்ச்சியில் உட்கார்ந்து நானும் சுகப்பட்டேன்.

ஊழியர் கூட்டத்தில் சம்பளப் பேச்சை யாரும் எடுக்காமல் எல்லோரும் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவரே எடுத்தார்.

"நோட்டீஸ் போர்டைப் பார்த்தேன். தனியார் எஃப்எம்ல எனக்கு இதைவிட அதிகம் தருவாங்க. நல்ல ஆள் வேணும்னா மார்க்கெட் ரேட் கொடுத்துத்தான் ஆகணும்."

நான் எழுந்தேன். பக்கத்தில் இருந்தவர் என் புடவையைப் பிடித்து இழுத்தது நினைவிருக்கிறது. "சார், மைக் முன்னாடி உட்கார்றவங்களுக்கு எந்த மார்க்கெட்?"

அவர் கோபப்படவில்லை. "மேடம், உங்க வேலைக்கு வெளியில க்யூ நிக்குது. என் வேலைக்கு நிக்கல" என்றார். பாதிப் பேர் சிரித்தார்கள். அவர்களிலும் பாதிப் பேர் கேஷுவல். எனக்கு அவர் சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் எரிச்சலாக இருந்தது.

அடுத்த மாதம் மீனவர் அறிக்கையை ஓர் ஊறுகாய்க் கம்பெனிக்கு விற்றார்கள். கடலில் உப்பு இருக்கிறது, காரம் மட்டும்தான் குறை என்று நாங்களே கேலி பேசினோம். ஒப்பந்தப்படி ஊறுகாய்ப் பாட்டு முதலில், அறிக்கை அப்புறம். முதலில் வந்தால்தான் ஆள் கேட்பார்கள் என்பது தலைவரின் கணக்கு. உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் அந்தக் கணக்கு சரியாக வரும், எங்கள் தெருவைத் தவிர.

அது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பாட்டு முதலில் வரத் தொடங்கிய அன்றைக்கே எனக்கு டியூட்டி. வானிலை அலுவலகத்திலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது: பலத்த காற்று, கடல் கொந்தளிப்பு, மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். கையில் கொடுத்த தாளில் எழுதியிருந்தபடி ஊறுகாயை ஓட விட்டேன். முடிந்ததும் எச்சரிக்கையை இரண்டு முறை, நிறுத்தி நிதானமாகப் படித்தேன். நன்றாகப் படித்தோம் என்ற திருப்தியோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

காலையில் தண்ணீர் பிடிக்கப் போனபோது எதிர் வீட்டு அக்கா கேட்டார்.

"இன்னாமா, நேத்து உனுக்கு டூட்டி இல்லியா?"

"இருந்துச்சே அக்கா. கடலுக்குப் போகாதீங்கன்னு ரெண்டு தரம் படிச்சேனே!"

"எங்க படிச்ச? ரேடியோ போட்டா ஊறுகா பாட்டு ஓடிகினு கீது. சரி, முடிஞ்சிபோச்சு போலன்னு அவரு நிறுத்திட்டாரு. எச்சரிக்கைன்னா தெருவுல யாராச்சும் கத்தியிருப்பாங்கன்னாரு. விடியறதுக்குள்ளயே போட்டை எடுத்துக்கினு பூட்டாரு, தம்பியும் கூட..."

பாதியில் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. குடத்தைக் குழாயடியிலேயே விட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓடினார். நானும் ஓடினேன். தெருவில் யாரும் கத்தவில்லை, ஏனென்றால் தெரு முழுக்க ஒரே நேரத்தில் ரேடியோவை நிறுத்தியிருக்கிறது.

போன படகுகள் மதியத்துக்கு மேல் ஒவ்வொன்றாக வந்தன. அக்காவுடையது கடைசி. இன்ஜின் போய், வலை கந்தலாகி, இரண்டு பேர் கையும் கயிறு அறுத்துக் கிழிந்து, ஆள் மட்டும் வந்து சேர்ந்தார்கள். என்னை ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கையால்தான் நான் ஊறுகாயை முதலில் ஓட விட்டேன்.

மறுநாளே நிலையத்துக்குப் போய், நடந்ததை எழுதி நேரில் கொடுத்தேன். "ஸ்பான்சர் விஷயம், மேல அனுப்புறேன்" என்றார் பணி அலுவலர். அது மேலேயே தங்கிவிட்டது.

பத்து நாள் கழித்து எனக்கு மறுபடியும் டியூட்டி. மறுபடியும் எச்சரிக்கை. தாளில் அதே வரிசை. எங்கள் தெரு உஷாராகிவிட்டது, மற்ற குப்பங்களுக்கு யார் சொல்வது? ஆறே முக்கால் ஆனது, சிவப்பு விளக்கு எரிந்தது. நான் மைக்கைத் திறந்து எச்சரிக்கையை முதலில் படித்தேன், இரண்டு முறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இன்ஜினியர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் ஆட்டி ஓய்ந்ததும் ஊறுகாயைப் போட்டேன். அதற்கு ஒரு நொடிகூடக் குறை வைக்கவில்லை.

இரண்டு நாளில் தலைவர் கூப்பிட்டார். "கம்பெனிக்காரங்க புகார் பண்ணிட்டாங்க. இது ஒப்பந்த மீறல் மேடம்."

"கோவளத்துலயும் ஒரு ஒப்பந்தம் இருக்கு சார். ஆறே முக்காலுக்குப் போட்டா நாங்க முதல்ல காத்தைச் சொல்வோம்னு. அதை நாமதான் மீறினோம்."

"உணர்ச்சிவசப்படாதீங்க. வருத்தம் தெரிவிச்சு ரெண்டு வரி எழுதிக் கொடுங்க, முடிச்சிடலாம்."

இரண்டு வரிதானே கேட்டார், அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். 'எச்சரிக்கையை முதலில் படித்தது உண்மை. அடுத்த முறையும் முதலில்தான் படிப்பேன்.' கையெழுத்துப் போட்டு, நகல் ஒன்று எடுத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த மாத டியூட்டி பட்டியலில் என் பெயர் இல்லை. அதே வாரம் தலைவருக்கு ஒப்பந்தத்தை நீட்டித்து, சம்பளத்தையும் உயர்த்தினார்கள். வருமானத்தைப் பெருக்கியதற்காக. அந்த வருமானத்தில் அக்கா வீட்டு வலையும் சேர்த்தியா என்று கேட்க எனக்கு மைக் இல்லை. இன்றைக்கு இங்கே கேட்கிறேன்.

ஆனால் ஒன்று நடந்தது. ஒரு மாலை எதிர் வீட்டு டிரான்சிஸ்டரில் வேறொரு பெண்ணின் குரல், எடுத்த எடுப்பில் காற்றையும் அலையையும் சொன்னது. ஊறுகாய்ப் பாட்டு அதற்குப் பின்னால் வந்தது. தெரு முழுக்க 'டக் டக்'. வரிசையை யார் மாற்றினார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"உன் கொரலு இன்னா ஆச்சு?" என்று அக்கா கேட்டார். எடுத்துவிட்டார்கள், மன்னிப்புக் கேட்டால் திரும்ப வரலாம் என்றேன்.

"கேட்டியா?"

"இல்லக்கா."

"கேக்காத" என்றார். கிழிந்த வலைக்கு அவர் வீட்டுக்காரர் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

எட்டு மாதம் கழித்துப் பணி அலுவலர் போன் செய்தார். ஆள் பற்றாக்குறையாம். வெளியே நின்ற க்யூ எங்கே போனதென்று நான் கேட்கவில்லை. "அந்த வருத்தக் கடிதத்தை மட்டும் அனுப்பிடுங்கம்மா, அடுத்த மாசமே பேரைச் சேர்த்துடறேன்" என்றார், நல்ல மனசோடுதான்.

பழைய கடிதத்தின் நகலை எடுத்தேன். தேதியை மட்டும் மாற்றி அனுப்பினேன்.