ஒற்றைக்குழலுக்கு ஒரு தோட்டா

நேற்று திருப்பரங்குன்றம் பஸ் ஸ்டாப்பில் ஏதோ கட்சிக்காரரை வரவேற்கப் பத்தாயிரம் வாலா கொளுத்தினார்கள். முதல் வெடிக்கே நான் ஒரு பூக்காரம்மாவின் பின்னால் பதுங்கிவிட்டேன். "ஏண்ணே, இம்புட்டு ஒடம்ப வச்சுக்கிட்டு என் பின்னாடியா ஒளியிறீக?" என்று அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்விதான்.

சத்தம்கூடப் பரவாயில்லை. அந்த மருந்து வாடை இருக்கிறதே, அதுதான் என்னைச் சோழவந்தான் பக்கம் அக்கா வீட்டுக் கரும்புத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும்.

அப்போது எனக்கு வேலை கிடைத்த புதிது. லீவு விட்டால் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. கரும்புக்குள் காட்டுப்பன்றி இறங்கியிருந்தது. தின்றதைவிட மிதித்து நாசமாக்கியதே அதிகம். அக்கா புருஷனிடம், அதாவது என் மச்சானிடம், பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். திரும்பி வரும்போது மூக்கெல்லாம் துரு ஏறியிருக்கும். ஒற்றைக்குழல் என்றால் ஒரே தோட்டாதான். இரண்டாவதைப் போடும்வரை பன்றி வரிசையில் நிற்காது.

தோட்டாவில் இரண்டு ரகம் வைத்திருந்தார். எல்.ஜி. என்பதில் பெரிய குண்டுகள் ஏழெட்டு இருக்கும், வெடித்ததும் விரிந்து பாயும். மற்றது ஒற்றை ஈயக்குண்டு. அதற்குப் பன்றியை மூஞ்சிக்கு நேரே வரவிட வேண்டும். ஆட்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து தகரத்தைத் தட்டி விரட்டிக்கொண்டு வருவார்கள். அன்று பன்றிக்கு நேர்பின்னால் வந்தவன் மச்சானின் தம்பி முருகேசன்.

"எல்.ஜி. போடுங்க மச்சான். ஏதாச்சும் ஒண்ணு படும்ல."

"படும் மாப்ள. தம்பி மேலயும் படும்."

"அப்ப பன்னி கிட்ட வருமே?"

"வரட்டும். நீ மோட்டார் ரூம் மேல ஏறிக்க."

அவர் சொல்லி முடிக்கும்போது நான் மேலேதான் இருந்தேன். அந்தச் சுவருக்கு ஏணி கிடையாது; எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. அங்கிருந்து, "விடாதீங்க மச்சான்" என்று வீரமாகக் கத்தவும் செய்தேனாம்.

மச்சான் ஒற்றைக்குண்டைப் போட்டு, குழலைத் தரைப்பக்கம் தாழ்த்திக் காத்திருந்தார். பன்றி வந்தது. குண்டு அதன் நெஞ்சில்தான் பட்டது. ஆனால் மச்சானின் முழங்காலைக் கிழித்துவிட்டுத்தான் பன்றி விழுந்தது. முருகேசன் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டே அழுதான். "எனக்காகத்தானண்ணே. ஆயுசுக்கும் உன்னைய வச்சுக் காப்பாத்துவேன்."

அந்தக் கால் அப்புறம் மடங்கவே இல்லை. சில வருஷம் கழித்துப் பாகம் பிரிக்க ஊரைக் கூட்டியவனும் அதே முருகேசன்தான். "நொண்டிக்கு எதுக்குய்யா ஆத்துப்பாசன நெலம்?" என்றான். மச்சானுக்கு மேட்டில் ஒரு துண்டு. கரும்பு நிலம் தம்பிக்குப் போய், அடுத்த மழைக்குள் பிளாட் ஆகிவிட்டது.

போன மாசம் மச்சானை வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்த வழியாக வந்தேன். நிறுத்தச் சொன்னார். வரப்பு, வாய்க்கால், மோட்டார் ரூம் எதுவும் இல்லை. எங்கு பார்த்தாலும் மஞ்சள் பூசிய கல். வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"பிளாட் பாக்கவாண்ணே?"

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் ஆமாம் என்றுவிட்டார். "மண்ணு எப்பிடி?"

"நல்ல மண்ணுதாண்ணே. முன்ன சும்மா தரிசாக் கெடந்துச்சாம்."

"அப்பிடியா" என்று கேட்டுக்கொண்டார் மச்சான்.