வாழைச்சேனையில் எரிந்த பச்சைப் புள்ளி

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எனக்கு அது முதல் குளிர்காலம். கல்யாணமாகிச் சில மாதங்களிலேயே நான் கனடாவுக்கு வந்துவிட்டேன். கணவரைக் கூப்பிடும் ஸ்பொன்சர் அலுவல் நகர்ந்துகொண்டிருந்தது. அவர் வாகரையில் படிப்பித்தார். சனிக்கிழமைகளில் பஸ் எடுத்து வாழைச்சேனைக்கு வந்து, அங்கிருந்த இன்டர்நெட் கடையிலிருந்து என்னோடு கதைப்பார்.

அந்தக் கடையில் ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு அரட்டைச் சேவை. எது காலியோ அதில் உட்காருவார். அதனால் அவருக்கு மூன்று கணக்குகள். எனக்கு மூன்று ஜன்னல்கள். ஒருமுறை நான் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் இன்னொன்றில் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார். அன்று நான் வேலை செய்த ஆஸ்பத்திரியில் தரை துடைத்தபடியே அழுதேன்.

என்னோடு அறையில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெண் கணினி படித்துக்கொண்டிருந்தாள். "எல்லாத்தையும் ஒண்டுக்கை கொண்டுவாற புரோகிராம் ஒண்டு இருக்கக்கா" என்று போட்டுத் தந்தாள். எந்தச் சேவையில் யார் வந்தாலும் ஒரே ஜன்னலில் தெரிவார்கள். அதில் இல்லாத வசதிகளை யார் யாரோ சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதி வைத்திருந்தார்கள். வேண்டியதை எடுத்து அதோடு பூட்டிக்கொள்ளலாம். அப்படி ஒன்றைப் பூட்டி, அவர் வந்தால் மட்டும் மணி அடிக்கும்படி செய்தாள். பிறகு அவருடைய மூன்று கணக்குகளையும் ஒரே பேரின் கீழ் சேர்த்தாள்.

"என்ன பேர் போட?"

"'இவர்' எண்டு போடுங்க."

விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு சண்டை தொடங்கியது. வாகரை ரோட்டை மூடினார்கள்; அவர் உள்ளே அகப்பட்டார். தொலைபேசியும் இல்லை. சனிக்கிழமைகள் சத்தமில்லாமல் போயின.

ஒருநாள் காலை நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கையில் மணி அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். 'இவர்' பக்கத்தில் பச்சைப் புள்ளி. "சுகமா இருக்கீங்களா?" என்று எழுதினேன். நெடுநேரம் கழித்து, இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வந்தது.

"அக்கா, நான் கடையில வேலை செய்யிற பொம்பளப் பிள்ளை. சண்டையால பூட்டிக் கிடந்த கடைய இண்டைக்குத்தான் திறந்தம். வாகரைச் சேர்ட கணக்கு மூடாமக் கிடக்கு. கொம்பியூட்டர் போட்டதும் தானாத் திறக்குது."

"அவர் வந்தாரா?"

"இல்லக்கா. அங்கால, வாகரைப் பக்கமிருந்து ஒருத்தரும் வரல்ல. கணக்க மூடிவிடட்டா?"

"வேணாம். மூடாதீங்க" என்று எழுதினேன்.

அவள் மூடவில்லை. அந்தக் கணினியைப் போடும்போதெல்லாம் இங்கே மணி அடித்தது. அவர் இல்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு துள்ளும். ஆற்றைக் கடந்து ஆட்கள் வந்தார்களாம், அவரைக் கண்டதாக யாரும் சொல்லவில்லை என்று அவள் எழுதுவாள். ஐஸ் கொட்டுவது எப்படி இருக்கும் என்று கேட்பாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துப் பார்த்துச் சொல்வேன்.

ஒருநாள், "எண்ட அவரும் அங்காலதான் அக்கா" என்று எழுதினாள். "அவருக்குக் கணக்கு ஒண்டும் இல்ல."



ஒரு காலை, கடையில் மூடாமல் கிடந்த கணக்கு ஏற்கனவே பச்சையாக இருக்க, மணி இன்னொரு முறை அடித்தது. அவருடைய இரண்டாவது கணக்கு. "காட்டுக்குள்ளால நடந்து வந்திட்டன். மட்டக்களப்பில இருக்கன்" என்று அவர் எழுதியிருந்தார்.

அவரோடு கதைத்து முடித்ததும் அவளுக்குச் சொன்னேன்.

"சந்தோசம் அக்கா. அப்ப இனி மூடட்டா?"

"ஓம்" என்றேன்.

உடனே, "உங்கட அவர்?" என்று கேட்டேன். அதற்குள் மூடிவிட்டாள். செய்தி போய்ச் சேரவில்லை என்று சிவப்பில் காட்டியது. இவ்வளவு நாளும் அவர் கணக்கிலிருந்துதான் அவள் கதைத்திருந்தாள். அவளுக்கென்று ஒரு முகவரியும் என்னிடம் இல்லை.

கணவர் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தார். பக்கத்துப் பகுதியான நோத்ர-டாம்-டெ-கிரேஸுக்கு வீடு மாறினோம். அந்தச் சேவைகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். அவள் நினைவு மட்டும் போகவில்லை.

அண்மையில் ஊருக்குப் போனபோது வாழைச்சேனையில் இறங்கினோம். அந்தக் கடையில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். விசாரித்தோம். "எந்தப் பிள்ளை? எத்தனையோ பேர் வேலை செஞ்சாங்க" என்றார் கடைக்காரர்.

"உங்களுக்கு முகம் ஞாபகம் இருக்கா?" என்று இவரைக் கேட்டேன்.

"ஒரு பிள்ளை இருந்தது. நான் நிமிர்ந்து பார்க்கல்ல. உன்னோடதானே கதைச்சிட்டு இருந்தன்."

வெயிலில் நின்றோம். சந்தைப் பையோடு, பிள்ளையோடு, சைக்கிளில் என்று இப்போது அவள் வயதிருக்கக்கூடிய பெண்கள் போனார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். "பஸ் வருகுது" என்று இவர் என் கையைத் தொட்டார்.