சாயத்தண்ணீர் பாய்ந்த வயல்

ஆரணிக்கு வெளியே ஃப்ளோரன்ஸ் தனியாக உழுது வந்த வயலில், சதீஷின் பட்டுநூல் சாயப்பட்டறைக் கழிவுநீர் பாய்ந்து, மண் உப்புப் பூத்து இறுகிவிட்டது. அவள் மணல்மூட்டை அடுக்கி, கழிவுநீர் வரும் வாய்க்காலை அடைத்தாள். சதீஷ் கடப்பாரையோடு வந்தான்.

“மூட்டைய எடு, இல்லன்னா உன்ன இங்கியே பொதைச்சிடுவேன்!”

“என் மண்ண சாவடிச்சிட்டு என்னையே மிரட்டிகினு கீறியா?”

கடப்பாரை அவளுடைய இடக்கையை முறித்தது. அலறிக்கொண்டே வலக்கையால் மண்வெட்டியை வீசினாள். அது அவன் முழங்காலைப் பிளந்தது. விழுந்தவன் அவள் கூந்தலைப் பிடித்து வாய்க்கால் சேற்றில் அமுக்கினான். அக்கம்பக்கத்து வயல்காரர்கள் ஓடிவந்து பிரித்தார்கள்.

இருவர்மேலும் வழக்கு விழுந்தது. கழிவுநீரை வயலில் விட்டதற்காக அதிகாரிகள் பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். மாவுக்கட்டுக் கையோடு அவள் மழைநீரைத் தேக்கி உப்பை வடித்து, மண்ணைத் தேற்றும் பசுந்தாள் உரமான தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் நேரத்தில் மடக்கி உழுதாள். அடுத்து நட்ட நெல் பாதி வயலில்தான் பிடித்தது. மீதியில் மறுபடியும் தக்கைப்பூண்டு தூவினாள்.