பேசாத இணைப்பை வெட்டியவர்

சொந்தபந்தம் எல்லாருக்கும் அவர் வாசல்காரர்தான். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களுக்குள் எது வரலாம், எது போகலாம் என்று பார்க்கிற ஃபயர்வாலைக் கட்டி மேய்ப்பது இருபத்திரண்டு வருஷமாய் அவர் பிழைப்பு. ஏசி ரூம் வாட்ச்மேன் என்று நாலு பேர் கூடின இடத்தில் சகலை கேலி செய்வான். 

நாலு நாளைக்கு முன் ஃபயர்வால் திணறியது. யார் யாரோடு பேசுகிறார்கள் என்று அது ஒரு பட்டியல் வைத்திருக்கும். முடிக்காமல் விட்ட பேச்சைக்கூட அஞ்சு நாள் வரை அழிக்காது. பட்டியல் நிரம்பி, புதிதாய் வருகிறவர்களுக்கு இடமில்லை என்றாகிவிட்டது. பத்து நிமிஷம் பேசாத இணைப்பை வெட்டிவிடு என்று எண்ணை மாற்றினார். திணறல் நின்றது. அப்பாடா என்று சாய்ந்தார்.

சகலையின் மனைவி, அதாவது இவர் கொழுந்தியாள், அதே ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மூன்று நாளாய் மத்தியான முடிவுகள் வார்டுக்குப் போய்ச் சேரவில்லை. சாப்பிடப் போனவள் அனுப்ப மறந்தாள் என்று மெமோ வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் சரியான பதில் இல்லையென்றால் சஸ்பெண்ட்.

அவள் வந்து நின்றாள். அழுகிற கட்டமெல்லாம் தாண்டியிருந்தாள்.

"காலையில ஒழுங்காத்தான் போகுது அத்தான். சாப்பாட்டுக்கு அப்புறம்தான் உயிரை எடுக்குது."

காலையில் ரத்தக் குப்பிகள் வந்துகொண்டே இருக்கும், மிஷினும் ஓயாமல் பேசும். மத்தியானம் அரைமணி நேரம் ஒரு குப்பி வராது. காலையில் திறந்த அதே இணைப்பைப் பிடித்துக்கொண்டு மிஷின் சும்மா இருக்கும். பத்து நிமிஷத்தில் ஃபயர்வால் அதை வெட்டியது தெரியாமல், பிறகு வரும் முடிவுகளையும் அந்தச் செத்த இணைப்பிலேயே அனுப்பும். பதிவைத் திறந்து பார்த்தார். மூன்று நாளும் வெட்டுப்பட்டது அவள் மிஷின்தான்.

"தப்பு உன் மேல இல்ல. நான் போட்ட எண்ணு."

அவள் அவரையே பார்த்தாள். "அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"மொதல்ல உங்க அதிகாரிகிட்ட சொல்றேன். அக்கா பெரிய கேஸு."

அந்த மிஷினுக்கு மட்டும் இரண்டு மணி நேரம் என்று போட்டார். பரிசோதனைக் கூடத்து ஸ்டூலில் அன்றைய மத்தியான அரைமணியும் உட்கார்ந்தே இருந்தார். அடுத்த குப்பியின் முடிவு வந்துவிட்டது என்று வார்டிலிருந்து போன் வந்தது. பிறகு மாடியேறி, நடந்ததை அவள் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தார்.

அவள் மெமோ ரத்தானது. அவர் பேருக்குப் புது மெமோ வந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தார். சொல்லியிருந்ததெல்லாம் நிஜம்தான். கையெழுத்துப் போட்டார்.