ஓக்கு மரக் கதவு

மழை பிடித்தால் எங்கள் வீட்டு உள்ளறைக் கதவு கறுப்பாக அழும். ஆணி அடித்த இடங்களிலிருந்து மைபோல ஒரு கோடு கிளம்பி, பலகையில் மெல்ல வழிந்து தரைக்கு வந்து சேரும்; தொட்டால் விரலும் கறுத்துவிடும். ஓக்கு என்கிற சீமை மரத்துக்கும் இரும்புக்கும் ஆகவே ஆகாது என்பது எனக்குப் பின்னாளில் தெரிந்த சங்கதி. ஆம்பூரில் தோல் கம்பெனிக்குப் பின்சந்தில் இருந்த அந்த வீட்டை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது அந்தக் கதவுதான்.

அப்பாவை நாங்கள் "நைனா" என்போம். அவருக்குக் கம்பெனியில் "டிரம்மு" ஓட்டுகிற வேலை. ஆள் உயரத்தைவிடப் பெரிய மரப் பீப்பாயில் தோலையும் சுண்ணாம்பையும் மருந்தையும் போட்டு நாள் முழுக்கச் சுழலவிடுவார்கள், அதுதான் டிரம்மு. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, எந்தக் காலத்திலோ கப்பலில் வந்த பழைய டிரம்மு ஒன்றைப் பிரித்துப் போட்டார்கள். அத்தனையும் ஓக்குப் பலகை. முதலாளி பாய் நைனாவைக் கூப்பிட்டு, "நீயே எடுத்துக்கினு போப்பா, வூடு கட்ட ஆவும்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு நைனாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. வசந்தி அக்காவை ஒடுகத்தூர்ப் பக்கம், நிலக்கடலை போடுகிற ஒரு குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுக்கு ஏழாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். எங்கள் வீடோ ஒற்றைக் கூடம், வாசலுக்கு ஒரு தகரத்தட்டி. அக்காவின் மாமியார் முன்பே சொல்லியிருந்தார்: "புள்ளத்தாச்சிய தெறந்த வூட்ல எப்டி வுடறது? கதவு போட்டு ஒரு ரூமு கட்டுங்க. வந்து பாத்துட்டு அனுப்பறேன்." அவர் சொன்னதில் தப்பில்லைதான். ஆனால் அம்மாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. "எம் பொண்ணு தலப்பிரசவத்துக்கு எங்கிட்ட வர்லன்னா நான் இன்னாத்துக்கு இருக்கேன்?" என்று அடுப்படியில் உட்கார்ந்து தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஓக்கு வந்ததும் வேலை மும்முரமாக ஆரம்பித்தது. ஆசாரி முதல் பலகையில் உளியை வைத்துவிட்டு, "இன்னாய்யா இது, மரமா கல்லா?" என்று கையை உதறினார். ஆணிகள் வளைந்தன. ஆனால் இழைப்புளி ஓட ஓட மேலே படிந்திருந்த நீலமும் சாம்பலும் போய், உள்ளேயிருந்து வெல்லப்பாகு நிறத்தில் அப்படியொரு மரம் வந்தது. நிலை, கதவு, மேலே ஒரு பரண் என்று எல்லாம் அதிலேயே ஆயிற்று. நைனா கதவைத் தடவித் தடவி, "சீம மரம்! இந்தச் சந்துல யார் வூட்ல கீது, சொல்லு?" என்று என்னிடம் கேட்டார்.

இத்தனை வருஷம் தோலோடு ஊறிய மரமாயிற்றே என்ற பயம் அம்மாவுக்கு இருக்கத்தான் செய்தது. சோடா உப்பு போட்டுத் தேய்த்தாள், புளித்தண்ணீர் ஊற்றினாள், வேப்பிலை அரைத்துப் பூசி வெயிலில் காயவைத்தாள். பிறகு அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னாள். எல்லோரும் மூக்கைப் பலகையில் வைத்து இழுத்துவிட்டு, "ஒரு வாசனையும் இல்லக்கா" என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அந்தச் சந்தில் எல்லோருமே கம்பெனி ஜனம், எங்கள் அத்தனை பேருக்கும் மூக்கு செத்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அது எங்களில் ஒருத்தருக்கும், கடவுளே, ஒருத்தருக்கும்கூடத் தோன்றவில்லை.

மாமியார் அக்காவைக் கூட்டிக்கொண்டு அறையைப் பார்க்க வந்த அன்று, காலையிலிருந்து மழை. அம்மா பெருமையாகக் கதவைத் தள்ளித் திறந்தாள். அந்தம்மா ஒரு காலை உள்ளே வைத்தவர் அப்படியே நின்றார்.

"இன்னா சம்மந்தி, உள்ள எதுனா செத்துக் கெடக்குதா?"

"ஐயோ, ஒண்ணுமில்லயே! வசந்தி, நீ சொல்லும்மா, எதுனா வாசன வருதா?" என்றாள் அம்மா.

கேட்டிருக்கவே கூடாது. அந்தச் சந்திலேயே பிறந்து வளர்ந்தவள்தான் அக்கா. ஆனால் ஒடுகத்தூர் மலைக்காற்று அவள் மூக்கை அவளுக்குத் திருப்பிக் கொடுத்திருந்தது. அம்மா முகத்தைப் பார்த்தாள், நைனா முகத்தைப் பார்த்தாள், என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள், அதற்குள் முந்தானை மூக்குக்குப் போய்விட்டது. "முடிலம்மா" என்று சாக்கடையோரம் ஓடி உட்கார்ந்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள்.

சாயங்கால பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டார்கள். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கதவப் புடுங்கிப் போட்டுடறேன் சம்மந்தி, எம் பொண்ண வுட்டுட்டுப் போங்க" என்று கெஞ்சினாள். "வவுத்துப் புள்ளைக்கு ஆவாதும்மா, பேஜார் பண்ணாதீங்க" என்று அந்தம்மாவும் கண்கலங்கத்தான் சொன்னார். அக்கா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

நாங்கள் வீடு திரும்பியபோது நைனா கதவில் முகத்தைப் பதித்து, ஒவ்வொரு பலகையாக மோந்துகொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணும் வர்லியே, கண்ணு. நீ பாரு, உனக்கு வருதா?" என்றார். நானும் மோந்து பார்த்தேன். எனக்கும் வரவில்லை.

அக்காவுக்கு ஒடுகத்தூரிலேயே பிள்ளை பிறந்தது. அதன்பிறகு அவள் வருவாள், கூடத்தில் உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடிப்பாள், பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவாள். ஓர் இரவுகூட அவள் அந்த வீட்டில் தங்காமலே அம்மாவும் போனாள், அவளுக்குப் பின்னால் நைனாவும் போனார்.

இப்போது கம்பெனி இல்லை, அது இருந்த இடத்தில் முள்செடி மண்டிக் கிடக்கிறது. சந்தில் பிளாஸ்டிக் கதவுகள் வந்துவிட்டன. நான் பெங்களூரில் குடியேறி வருஷங்கள் ஆகின்றன. போன மழைக்காலத்தில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து பார்க்கப் போனேன். ஓக்குக் கதவு கோணவில்லை, செல் அரிக்கவில்லை, கறுப்புக் கோடுகளோடு அப்படியே நின்றது. தள்ளினேன்.

துப்பட்டா எப்போது என் மூக்குக்குப் போனதென்று எனக்கே தெரியாது. சட்டென்று திரும்பிப் பார்த்தேன். நல்லவேளை, பின்னால் நைனா இல்லை.