குளித்தபின் வரும் அரிப்பு

வயிறு வீங்குவதற்கு முன்பே எனக்கு அரிப்பு வந்தது. ரப்பர் மரங்களில் பால் வெட்டி, பாலைக் கொடுத்துவிட்டுப் பீலியில் (ஊற்றுநீர் வந்து விழும் குழாயடி) குளிப்பேன். ஈரம் காய்வதற்குள் உடம்பெல்லாம் ஊசி குத்துவதுபோல் அரிக்கும். பாலை உறைய வைக்கும் அசிட்டால் வருவது என்று லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) சொன்னார்கள். நானும் நம்பினேன். முகம் சிவந்ததற்கு வெயிலைக் காரணம் சொன்னோம்.

பிறகு வலது விலாவின் கீழ் வலி. வயிற்றில் நீர் கோத்தது. வேலை நின்றது.

"எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கீங்க மச்சான். எங்களுக்கும் ஒரு சொட்டு ஊத்துங்க" என்றான் மனைவியின் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். சிவந்த முகமும் வீங்கிய வயிறும் இருந்தால் கசிப்பு (கள்ளச்சாராயம்) என்றுதான் எங்கள் தோட்டத்தில் முடிவு கட்டுவார்கள். நான் குடித்ததே இல்லை. ஆனால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

ஒரு நாள் நான் ஏதோ சொல்லும்போது மனைவி என் வாயருகே மூக்கைக் கொண்டுவந்தாள். அதன்பின் வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. என்னை என் உடம்புக்குள்ளேயே வைத்துப் பூட்டியதுபோல் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் தமிழ் பேசும் முஸ்லிம் டாக்டரம்மா ஒருவர், குடியைப் பற்றிக் கேட்டபின், "குளிச்ச பொறகு ஒடம்பு அரிக்குமா?" என்றார்.

"அது ரப்பர் அசிட்டுங்க."

"வேலைக்குப் போகாத நாள்லயும் அரிக்குமா?"

மனைவிதான் சொன்னாள்: "அரிக்குங்க. படுத்துக் கெடக்கிறப்ப நான் தண்ணி ஊத்துனாலும் அரிக்கும்."

பரிசோதனையில் தெரிந்தது பொலிசைத்தீமியா (எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களை அளவுக்கு மேல் உண்டாக்கி, இரத்தம் தடிக்கும் நோய்). அதனால் பட்-கியாரி (ஈரலிலிருந்து இரத்தம் வெளியேறும் நாளங்கள் அடைபடுதல்).

"இது குடியால வந்ததில்ல" என்றார் டாக்டரம்மா.

"அத எங்க லயத்துல வந்து சொல்லுவீங்களா டாக்டர்?" என்றாள் மனைவி. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தடிப்பு குறைய அவ்வப்போது இரத்தம் எடுக்கிறார்கள். உறையாமலிருக்க மாத்திரை தருகிறார்கள். வெட்டுப்பட்டால் இரத்தம் எளிதில் நிற்காது என்பதால் பால்கத்தியைத் தொடக்கூடாது. என் மரங்களில் மனைவி பால் வெட்டுகிறாள்.

இதே நோயோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். காரணம் தெரிந்ததுதானே என்று எதையும் டாக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள்.

நோய் போகவில்லை. குளித்ததும் துண்டை எடுக்காமல், அரிப்பு வருகிறதா என்று பார்க்க ஈரம் காயும்வரை பீலியருகே நிற்கிறேன். என் நாள் இப்போது அங்கேதான் தொடங்குகிறது. மனைவி வாசலிலிருந்தே கேட்பாள்.

"அரிக்குதா?"

"இன்னைக்கு இல்ல."